அம்மா கதைத்த பக்கம்

வட்டக்கச்சியில் எங்கள் ஒழுங்கைக்குள் வந்த முதல் ரேப் றெக்கோடர் எங்களுடையதுதான். இதைச் சொல்லும்போது இப்போதும் என் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்துவிடுகிறது. எண்பதுகளின் தொடக்கம், எனக்கு ஒன்பது வயது. அப்பா சவூதியில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். அவரோடு வேலை செய்த பரந்தன்காரர் ஒருவர் லீவில் வந்தபோது, பச்சைப் பிள்ளையைச் சுற்றுவதுபோல் துவாயால் சுற்றி அதைக் கொண்டுவந்து எங்கள் கதிரையில் இறக்கினார். கூடவே ஒரு கசெற்.

பரந்தன்காரர் பொத்தானை அமத்தினார். கொஞ்ச நேரம் இரைந்தது. பிறகு யாரோ செருமினார்கள். அந்தச் செருமலைக் கேட்டதும் குசினிக்குள் நின்ற அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். ஒன்றரை வருடமாகக் கடிதத்தில் மட்டும் இருந்த அப்பா எங்கள் வீட்டுக்குள் செருமிக்கொண்டிருந்தார்.

அந்தக் கசெற்றில் அப்பா எல்லோரையும் பெயர் பெயராகச் சுகம் விசாரித்தார். கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார். அவருடைய இரண்டு வருட ஒப்பந்தம் முடியப் போகிறது. "இன்னொருக்கா கையெழுத்து வைச்சு ரெண்டு வரியம் நிக்கட்டோ, வரட்டோ எண்டு யோசிச்சுக்கொண்டிருக்கிறன். எல்லாரும் கதைச்சு அனுப்புங்கோ" என்றார்.

எல்லோரும் என்று அப்பா சொன்னதை ஒழுங்கையில் இருந்த அத்தனை வீடும் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். அப்பாவின் அக்கா, என் பெரிய மாமி, றெக்கோடர் பெட்டியோடு சண்டைக்குப் போவதுபோல் முன்னால் குந்தியிருந்து, மண்வீட்டை இடித்துக் கல்வீடு கட்டாமல் ஊருக்கு வரக்கூடாது என்று கட்டளையிட்டார். சித்தப்பாவுக்கு உழவு மெசின் ஆசை. அதையும் இதையும் சுற்றிக் கதைத்து, அண்ணன் இன்னும் இரண்டு வருடம் நின்றால் நல்லம் என்று முடித்தார். நான் வாய்ப்பாடு சொன்னேன். எங்கள் கன்றுக்குட்டிகூட ஒரு தரம் கத்தியது.

அம்மாவின் முறை வந்தது. நாலு பேர் பார்த்திருக்கப் புருஷனோடு கதைப்பதென்றால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு "இஞ்சாருங்கோ" என்பதற்கு மேல் வராது. அதிலும் இது பெட்டி, புருஷனும் அங்கே இல்லை. அம்மா குசினி வாசலில் நின்றபடியே, "நாங்கள் சுகமாய் இருக்கிறம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கோ" என்றார். அவ்வளவுதான். மச்சாளுக்கு வெட்கம் என்று மாமி சிரித்தார். நாங்கள் கதைத்து அனுப்பவென்று பரந்தன்காரர் தந்திருந்த வெறும் கசெற்றின் ஒரு பக்கம் நிறைந்தது. மற்றப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

அதன் பிறகு மூன்று நாளும் ஒழுங்கைப் பிள்ளைகள் வந்து தங்கள் வீட்டாரின் குரலைக் கேட்டுக் கேட்டுப் போனார்கள். பெட்டியை இயக்கும் உரிமை எனக்கு மட்டும்தான். கேட்பவர் யார், காத்திருப்பவர் யார் என்று நான் தீர்மானித்தேன். மூன்றாம் நாள் பற்றறி செத்துவிட்டது.

மறுநாள் பின்னேரம் சித்தப்பா கசெற்றைச் சவூதிக்குத் திரும்பும் பரந்தன்காரரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தது. அன்று காலை, அவர் வயலுக்குப் போனதும் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, அந்தப் பெட்டியை எனக்கு ஒருக்காப் போட்டுத் தாறியே?"

"பற்றறி இல்லை அம்மா."

"வெயிலிலை வையன்."

பற்றறியை வெயிலில் வைத்தால் அதற்குத் திரும்ப உயிர் வரும் என்பது வன்னியில் எல்லோருக்கும் தெரிந்த விஞ்ஞானம். ஆறு பற்றறிகளையும் கிணற்றுக் கட்டில், காயப்போட்ட மிளகாய்க்குப் பக்கத்தில் அடுக்கினேன். உச்சிவரை காகம் வராமல் காவலும் இருந்தேன். மிளகாய்க்கல்ல, பற்றறிக்கு. பிறகு சுடச்சுட உள்ளே போட்டேன். சிவப்பு லைற் எரிந்தது. கொஞ்சம் மங்கல்தான். ஆனாலும் கசெற் சுற்றியது. வாத்தியார் தோரணையில் அம்மாவுக்குக் குரல் பதிவதற்கு இரண்டு பொத்தான்களையும் ஒன்றாக அமத்தக் காட்டிக்கொடுத்தேன்.

"சரி, நீ போய்க் கன்றைப் பார்" என்றார் அம்மா.

கன்று கட்டியிருந்தது எங்கள் மண்சுவருக்கு மறுபக்கம். அது என் குற்றமல்ல. அம்மாவின் குரல் முதலில் தயங்கித் தயங்கி வந்தது. பிறகு தொடர்ந்து வந்தது. அம்மா அவ்வளவு நேரம் ஒரேயடியாகக் கதைத்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. நிறைய எனக்கு விளங்கவில்லை. விளங்கியது இவ்வளவுதான்: "எனக்குக் கல்வீடு வேண்டாம். உழவு மெசினும் வேண்டாம். இஞ்சாருங்கோ, நீங்கள் வாங்கோ. நான் இப்பிடிக் கேட்டனான் எண்டு ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. கையெழுத்து மட்டும் வைச்சிடாதேங்கோ." பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்.

கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டு, பதிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். கடைசித் துண்டைத் திருப்பிப் போட்டேன். அம்மாவின் குரல் அம்மாவின் குரலாகவே இருந்தது. இரண்டு சொல் கேட்டதும், "போதும், நிப்பாட்டு" என்றார். கசெற்றை அவரே அதன் உறைக்குள் வைத்துத் தாளால் சுற்றி, நூலால் கட்டி, அலுமாரியில் வைத்தார். அன்று பின்னேரம் தலைக்கு முழுகி, எனக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடியது நினைவிருக்கிறது.

மூன்று மாதம் கழித்து அப்பாவின் மறுமொழி வந்தது. சித்தப்பா புதுப் பற்றறி வாங்கிவந்தார். மாமி முன்னால், ஒழுங்கை பின்னால், அம்மா குசினி வாசலில்.

அப்பா செருமினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். "உந்தக் கசெற்றின்ர மற்றப் பக்கத்திலை ஆர் விளையாடினது? துவக்கத்திலை ஏதோ கதைமாதிரிக் கிடக்கு, போகப் போக ஒரே கீச்சு மூச்சு. ஒரு சொல்லும் விளங்கேல்லை. எங்கட அறையிலை இருக்கிற பெடியள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சவங்கள். திருப்பித் திருப்பிப் போட்டுச் சிரிச்சம். சின்னவளின்ர குழப்படிதானே?"

முற்றம் முழுவதும் சிரித்தது. சிரிப்பு அடங்க முன்னர், தான் கையெழுத்து வைத்துவிட்டதாகவும் எல்லோருடைய விருப்பமும் அதுதானே என்றும் அப்பா சொன்னார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவும் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். "ஓம், இவளின்ர வேலைதான். சொல்வழி கேளாத பிள்ளை" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. செய்யாத குழப்படிக்கு நாலு பேர் முன்னால் என்னை மாட்டிவிட்டாரே என்று அன்று முழுவதும் அம்மாவோடு கோபம் போட்டேன்.

களைத்த பற்றறியில் கசெற் மெதுவாகத்தான் சுற்றும் என்பதும், அதே களைத்த பற்றறியில் போட்டுக் கேட்டால் எல்லாம் சரியாகத்தான் ஒலிக்கும் என்பதும், கறண்டில் ஓடும் அப்பாவின் பெட்டியில் அது வேகமாகச் சுற்றிக் குருவிச் சத்தமாகிவிடும் என்பதும் எனக்குத் தெரியவந்தபோது நான் பெரிய வகுப்பில் இருந்தேன். தெரிந்து என்ன? அப்பா அந்தக் கசெற்றை அங்கேயே யாருக்கோ கொடுத்துவிட்டார். இன்று அம்மா இல்லை. மெதுவாகச் சுற்றும் ஒரு பெட்டி கிடைத்து, அந்தப் பக்கத்தை ஒரே ஒரு தடவை கேட்க முடிந்தால் எதையும் கொடுப்பேன்.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பாவுக்கு அனுப்ப மறுபடி ஒரு கசெற் வந்திருக்கிறது என்பதுதான். மாமியும் சித்தப்பாவும் ஒரு பக்கத்தை நிரப்பினார்கள். மறுநாள் நான் கோபத்தை மறந்து அம்மாவிடம் போனேன்.

"அம்மா, மற்றப் பக்கம் சும்மா கிடக்கு. புதுப் பற்றறி. கதைக்கப் போறீங்களே?"

"எனக்கென்ன கதை கிடக்கு? நீ பாடன்."

அவ்வளவு பெரிய இடத்தை யார் சும்மா விடுவார்கள்? பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டெல்லாம் பாடினேன். தெரிந்தது முடிந்ததும் முதலிலிருந்து திரும்பப் பாடினேன். அம்மா சுளகை மடியில் வைத்து அரிசி புடைத்தபடி முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முழுவதும் எனக்கே கிடைத்ததில், அன்று என்னைப்போலச் சந்தோஷப்பட்டவர் அந்த ஒழுங்கையில் யாரும் இல்லை.