பதினோரு சீசாவும் ஒரே நிறம்

எனக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மனைவிக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், அப்போது தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் வேட்டிப் பிரிவில் நின்றேன். தினமும் போடச் சொன்ன ஊசியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொண்டிருந்தேன். கட்டுப்படியாகவில்லை. போடாத நாளில் செத்துவிடுவேனோ என்று கவலை. போட்ட நாளில், நாளைக்குப் போட முடியாதே என்று கவலை.

எழுபதுகளின் தொடக்கம் அது. முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். கடையின் பதினெட்டு ஆட்களுக்கும் அவர் ஒரு வைத்திய நிதி ஆரம்பித்தார். எல்லோர் சம்பளத்திலும் கொஞ்சம் பிடிப்பார், தானும் கொஞ்சம் போடுவார். யாருக்கு உடம்புக்கு வந்தாலும் டாக்டரும் மருந்தும் அதிலிருந்து. கேட்டதும் எனக்கு அழுகையே வந்தது. அதற்குள் விதியைச் சொல்லிவிட்டார்.

"ஏற்கெனவே சீக்கு உள்ளவனச் சேக்க முடியாது, பாத்துக்கிடுங்க. வெள்ளிக்கிழம மயிலாப்பூர் டாக்டர் வருவாரு. காலையில ஆளுக்கொரு சீசாவுல மூத்திரம் கொண்டாங்க."

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு எங்கள் கடை மூட்டைக்காரரிடம் போனேன். ஆதம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர். துணி மூட்டைகளை ஒற்றை ஆளாக மாடிக்கு ஏற்றுவார். இரண்டு ஆள் சோறு சாப்பிடுவார், ஒரு நாளைக்கு அரைப் பானைத் தண்ணீர் குடிப்பார். எனக்கும் அதே போலத்தான் தாகமெடுக்கும். ஆனால் அவரிடம் பார்க்கும்போது அது ஆரோக்கியத்தின் அடையாளமாகத் தெரிந்தது.

விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கா நைனா இப்டி வேர்த்துக்கினு நிக்கிறே? சீசாவ குடு. நம்மகிட்ட இன்னா பஞ்சமா கீது?"

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மூன்று தடவை கெஞ்சினேன். அவர் சொல்லவில்லை. நான்தான் சட்டைத்துணிப் பிரிவுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு மூலம், பாவம், பயந்துபோயிருந்தார். மூத்திரத்தில் எல்லா வியாதியும் தெரிந்துவிடும் என்றுதான் நாங்கள் நம்பினோம். அவர் புடவைப் பிரிவில் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை கடையின் கொல்லைப்புறத்தில் பத்துப் பேர் வரிசையில் நின்றோம். மூட்டைக்காரர் முகம் சுளிக்காமல் பத்து சீசாவிலும் இரண்டு விரற்கடை ஊற்றிக் கொடுத்தார். கடைசியாகத் தனக்கு ஒன்று.

டாக்டர் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தார். கண்ணாடிக் குழாயில் நீல மருந்து, அதில் சில சொட்டு, பிறகு சூடு. நீலம் நீலமாகவே இருந்தால் பிழைத்தோம். சர்க்கரை நிறைய இருந்தால் செங்கல் நிறம்.

முதல் சீசா என்னுடையது. செங்கல். அடுத்தது மூலக்காரருடையது. செங்கல். டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பதினெட்டில் பதினொன்று செங்கலான பிறகு அண்ணாச்சியைப் பார்த்து, "நீங்க ஜவுளி விக்கறேளா, ஜிலேபி விக்கறேளா?" என்றார்.

நான் மூட்டைக்காரரைப் பார்த்தேன். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

பொய்யை அதிக நேரம் வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. "அண்ணாச்சி, இது எங்களுது இல்ல. எல்லாம் அவருது," என்றேன். அங்கே நிறுத்தத் தெரியாமல் ஊசி விஷயத்தையும் சொல்லிவிட்டேன். நான் ஆரம்பித்ததும் மற்றவர்களும் ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். மூலம், ரத்தக்கொதிப்பு, இழுப்பு, ஒருவருக்கு எப்போதோ வந்துபோன காசநோய். அண்ணாச்சி விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.

"பதினோரு பேரத் தள்ளிட்டா மிச்சம் ஏழு. ஏழு பேரு போடுத துட்டுல என்னவே நிதி?" என்று என்னைக் கேட்டார்.

டாக்டர் விளக்கை அணைத்தார். "சீக்கில்லாதவாளுக்கு மட்டும்தான் வைத்தியம்னா என்னை எதுக்குக் கூப்பிட்டேள்?"

அண்ணாச்சி பதினோரு சீசாவையும் இன்னொரு தடவை எண்ணினார். பிறகு, "சரி, எல்லாரும் இருந்துக்கிடுங்க. இனிமே சீசாவ அவனவன் சொந்தமாக் கொண்டாரணும்," என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து தினமும் ஊசி போட்டேன். மூட்டைக்காரருக்கும் டாக்டர் ஊசி எழுதினார். சனிக்கிழமைகளில் அவர் சைக்கிளில் இருவரும் மயிலாப்பூர் போவோம். அவர் மிதிப்பார், நான் பின்னால் உட்கார்ந்து, பிரேக் பிடிக்குமா என்று கேட்டுக்கொண்டே வருவேன்.

"பத்துப் பேருக்கு ஊத்திக் குடுத்தேன் பாரு, உங்க சக்கரயெல்லாம் எனக்கு ஒட்டிக்கினுச்சு," என்பார்.

விளையாட்டுக்குத்தான் சொன்னார். இருந்தாலும் டாக்டரிடம் கேட்டேன். அப்படியெல்லாம் ஒட்டாது என்றார். அடுத்த சனிக்கிழமை இன்னொரு தடவை கேட்டேன்.