அம்மா சுவைக்காத கிரேவி

ரோஸ்மேரி இலையும் ஆட்டுக்கொழுப்பும் சூட்டில் சேர்ந்து உருகும்போது எழும் அந்த மணம், புலம்பெயர்ந்து வந்து மெரிலேண்ட்ஸ் என்ற புறநகரில் நாங்கள் குடியிருந்த இரண்டறை வீட்டின் திரைச்சீலைகளிலும், என் பள்ளிச் சீருடையிலும், அப்பாவின் தலையணையிலும் ஏறிக்கொண்டு மூன்று வாரங்கள் இறங்க மறுத்தது. அதற்கு முன்னர் அந்த வீட்டுக்குள் இறைச்சி வந்ததே இல்லை. அம்மா யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்தில் பிறந்தவர், முட்டைகூடத் தொடமாட்டார். அப்பா தொழிற்சாலைக் கன்ரீனில் எப்போதாவது இறைச்சி சாப்பிடுவார், அப்போதும் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். எங்கள் சமையலறையான "குசினி"யில் இருந்த அவண் என்ற சுடும் அடுப்பு, நாங்கள் குடிவந்த நாள் முதல் சட்டிகளும் மூடிகளும் அடுக்கி வைக்கும் அலுமாரியாகவே இருந்தது. அதற்குள் ஒரு விளக்கு எரியும் என்பதே எனக்குப் பத்து வயதில்தான் தெரியவந்தது.

எண்பதுகளின் கடைசி ஆண்டுகள் அவை. அம்மா இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு முதியோர் இல்லத்தில் பாத்திரம் கழுவும் வேலை பார்த்தார். அங்கே நாற்பது பேர் இருந்தார்கள். அவர்களுக்குச் சமைத்தவர் ஷேர்லி என்ற பெருத்த உருவமும் அதைவிடப் பெருத்த சிரிப்பும் கொண்ட பெண்மணி. ஒருநாள் ஷேர்லி இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். இனிமேல் நின்று சமைக்க முடியாது என்று செய்தி வந்தது. இல்லத்தின் மேனேஜர் மார்கரெட், சமையலறையை மூடிவிட்டு, உறைந்த சாப்பாட்டுத் தட்டுகளை வெளியிலிருந்து வாங்கிச் சூடாக்கிக் கொடுக்கலாம் என்று முடிவெடுத்தார். அப்படி நடந்தால் அம்மாவுக்கும் அவரோடு நின்ற இரண்டு பெண்களுக்கும் வேலை இல்லை. மார்கரெட் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த இடத்தில் இரண்டு வருடமாக "யெஸ்", "தாங்க்யூ" தவிர வேறொன்றும் பேசியிராத அம்மா, கையிலிருந்த ஈரத் துணியைக் கீழே வைத்துவிட்டு, நான் சமைக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

மார்கரெட் சிரிக்கவில்லை. அதிலிருந்து மூன்றாவது ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டை அம்மாவே சமைக்கலாம் என்றார். தொடையோடு சேர்ந்த ஆட்டுக்காலை அவணில் வாட்டிய ரோஸ்ற், அதன் சாற்றில் செய்யும் கிரேவி, உருளைக்கிழங்கு, பட்டாணி, கடைசியில் பாண் ரொட்டியும் பாலும் முட்டையும் சேர்த்துச் சுடும் புடிங். சாப்பிடுகிறவர்களுக்குப் பிடித்திருந்தால் சமையலறை தொடரும்; இல்லாவிட்டால் உறைந்த தட்டுகள் வரும்.

"உமக்கென்ன விசரே?" என்றார் அப்பா அன்று பின்னேரம். "வாழ்க்கையிலை இறைச்சி தொட்டதில்லை. வெள்ளைக்காரச் சனத்துக்கு நீர் ரோஸ்ற் போடப்போறீரோ?"

"ரெண்டு வருசமா அதுகள் தட்டிலை என்ன மிச்சம் விடுதுகள் எண்டு நான்தானே பாக்கிறன்," என்றார் அம்மா. "நீங்கள் சனிக்கிழமை ஒரு ஆட்டுக்கால் வாங்கிக்கொண்டு வாங்கோ."

முதல் ஞாயிறு, சாமி அறை என்று நாங்கள் அழைத்த சுவரலுமாரிக்கு முன்னால் அம்மா ஒரு சேலையைத் திரையாகக் கட்டினார். நான் நூலகத்திலிருந்து கொண்டுவந்த தடித்த பழைய சமையல் புத்தகத்தை வாசித்து, வரிவரியாகத் தமிழில் சொன்னேன். அவணை முந்நூற்றைம்பதில் வைக்கச் சொன்னது புத்தகம். எங்கள் அவணின் திருகியில் இருநூற்றைம்பதுக்கு மேல் இலக்கமே இல்லை. "அப்ப முழுக்கத் திருப்பிவிடுங்கோ அம்மா," என்றேன் நான், பெரிய அறிவாளிபோல. முக்கால் மணித்தியாலத்தில் வீடு முழுக்கப் புகை. அப்பா கதிரையில் ஏறி நின்று பேப்பரால் யன்னலை நோக்கி விசிறினார். வெளியே எடுத்தபோது ஆட்டுக்கால் மேலே கரியாகவும் வெட்டினால் உள்ளே இரத்தமாகவும் இருந்தது. அப்பா மிளகாய்ச் சோஸ் ஊற்றி இரண்டு துண்டு சாப்பிட்டார். நான் ஒரு வாய் வைத்துவிட்டு, செருப்பைப்போல இருக்கிறது என்றேன். அம்மா கோபிக்கவில்லை. "செருப்பு எண்டால், இறுகிக் கிடக்கோ, உலந்து கிடக்கோ?" என்று கேட்டார். தான் வாயில் வைக்காத ஒன்றை எங்கள் வாயால் அறிந்துகொள்ள அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ரீச்சரிடம் கேட்டபோதுதான், அந்தப் புத்தகம் பழைய ஃபாரன்ஹீட் பாகை அளவில் எழுதப்பட்டது, எங்கள் அவணோ செல்சியஸில் ஓடுவது என்று தெரிந்தது. வெட்கத்தோடு வந்து சொன்னேன். "சரி பிள்ளை, அடுத்த கிழமை பாப்பம்," என்றார் அம்மா, அவ்வளவுதான்.

இரண்டாம் ஞாயிறு இறைச்சி பஞ்சாக வந்தது. ஆனால் கிரேவி கட்டி கட்டியாகத் திரண்டது. அம்மாவின் முகம் வாடியதை அன்றுதான் பார்த்தேன். இல்லத்தில் தட்டுகளோடு அதிகம் திரும்பி வருவது கிரேவிக் கட்டிகள்தான் என்றும், கென் என்ற கிழவர் ஒவ்வொரு கட்டியையும் முள்ளுக்கரண்டியால் தள்ளித் தட்டின் விளிம்பில் வேலிபோல அடுக்கிவிட்டுத்தான் அனுப்புவார் என்றும் சொன்னார். பிறகு, புட்டுக்கென்று எடுத்துவைத்த கோதுமை மாவை இரும்புச் சட்டியில் போட்டு, வாசம் வந்து பொன்னிறமாகும்வரை வறுத்து, "அரிதட்டு" என்ற சல்லடையில் இரண்டு முறை அரித்து, இறைச்சிச் சாறு சூடாயிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கினார். கட்டி ஒன்றுகூடத் திரளவில்லை. பட்டுப்போல வழிந்த அந்த மண்ணிறக் குழம்பை அப்பா பாணால் தொட்டுச் சாப்பிட்டார். பிறகு கரண்டியால் சாப்பிட்டார். பிறகு, "இது விக்கலாம்," என்றார்.

மூன்றாம் ஞாயிறு அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. என்னைத் தனியே விட முடியாதென்று அம்மா கூட்டிக்கொண்டு போய், சாப்பாட்டு மண்டபத்தின் மூலையில் ஒரு கதிரையில் இருத்தினார். பெரிய கதவுக்கு அப்பால் சமையலறை. இடையில் ஒரு திறந்த யன்னல். பன்னிரண்டு மணிக்கே கிழவர்களும் கிழவிகளும் வந்து அமர்ந்துவிட்டார்கள். இன்றைக்கு ரோஸ்ற் இல்லை, உறைப்பான கறிதானாம் என்று ஒரு கிழவி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

பரிமாறுவதற்குச் சற்று முன் மார்கரெட் யன்னலருகே வந்து, எல்லாவற்றையும் சுவைத்துப் பார்த்தாயா என்று அம்மாவிடம் கேட்டார். இல்லை, நான் இறைச்சி சாப்பிடுவதில்லை என்றார் அம்மா. மார்கரெட்டின் முகம் வெளுத்துவிட்டது. அம்மா ஒரு சின்னக் கிண்ணத்தில் கிரேவியை எடுத்தார். அதை மார்கரெட்டிடம் கொடுப்பார் என்றுதான் நினைத்தேன். அவரோ கதவைத் தள்ளிக்கொண்டு மண்டபத்துக்குள் வந்து, மேசைகளுக்கிடையே நேராக நடந்து, கென்னின் முன்னால் கிண்ணத்தையும் கரண்டியையும் வைத்தார்.

"நீங்கள் சொல்லுங்கோ," என்றார் தன் உடைந்த ஆங்கிலத்தில்.

கென் ஒரு காலத்தில் ஆட்டுமயிர் கத்தரிப்பவர்களுக்குச் சமையற்காரராக ஊரூராக அலைந்தவர் என்று பிறகு அறிந்தேன். கரண்டியால் கலக்கிப் பார்த்தார். தூக்கி ஊற்றிப் பார்த்தார். கட்டி தேடுகிறார் என்று எனக்கு விளங்கியது. பிறகு வாயில் வைத்துக் கண்ணை மூடினார். மண்டபமே அவரைப் பார்த்தது.

"உப்புக் கொஞ்சம் கூடப் போடு, லவ்," என்றார், மகளை அழைப்பதுபோல. "வேறொன்றிலும் கை வைக்காதே."

அம்மா உள்ளே போய் உப்புப் போட்டு, மறுபடி கிண்ணத்தோடு வந்தார். இந்த முறை கென் தலையை மட்டும் ஆட்டினார். ஆனால் அம்மா திரும்பி நடந்ததும், பக்கத்து மேசைக்காரரிடம், நான் பார்த்துச் சொன்னது, கவலையில்லாமல் சாப்பிடுங்கள் என்று, கேட்காதவர்களுக்கும் கேட்கும்படி அறிவித்தார். அதன்பிறகு அது அம்மாவின் கிரேவி மட்டுமல்ல, கென்னின் கிரேவியும்கூட. பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் துணிவிருக்கவில்லை. துணிவு தேவைப்படவும் இல்லை. பேச்சு நின்று கத்திகளும் முள்ளுக்கரண்டிகளும் தட்டில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. கறி என்று சொன்ன கிழவி இரண்டாம் முறை உருளைக்கிழங்கு கேட்டார். கென் பாண் துண்டால் தட்டைத் துடைத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் துடைத்தார்கள்.

தட்டுகள் திரும்பி வந்தபோது அம்மா யாரையும் தொடவிடவில்லை. ஒவ்வொன்றையும் தானே எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துக் கழுவுதொட்டியில் வைத்தார். மார்கரெட் குப்பை வாளியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மெல்ல மூடினார். நாளையிலிருந்து தினமும் சமைப்பாயா என்று கேட்டார். ஓம் என்று உடனே தலையாட்டுவார் என்று நான் நினைத்திருக்க, அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, தனக்கு நல்ல கூரான கத்தி ஒன்று வேண்டும், கூட நிற்கிற இரண்டு பேரும் வேலையில் தொடர வேண்டும் என்றார். அவ்வளவு நீளமான ஆங்கில வசனத்தை அவர் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. மார்கரெட் இரண்டுக்கும் சரி என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மா தலைக்குக் குளித்தார், விளக்கேற்றினார், சோறும் பருப்பும் போட்டுச் சாப்பிட்டார். வேலையால் வந்த அப்பா காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றாமலே, "என்னவாம்?" என்றார்.

"நாளைக்கு எட்டு மணிக்கு வரட்டாம்," என்றார் அம்மா. "அப்பிள் பை எப்பிடிச் செய்யிறதெண்டு பிள்ளை இண்டைக்கு வாசிச்சுச் சொல்லோணும்."

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீடு ஒரு வெள்ளைக்காரக் குசினியாக மாறியது. கீரையும் சோறும் உண்ட மேசையில் இடித்த கிழங்கால் மூடி அவணில் சுட்ட இறைச்சிப் "பை"யும், தடித்த சூப்புகளும், டம்ப்ளிங் எனும் மாவுருண்டை மிதக்கும் ஸ்ரூக் குழம்பும் வந்து போயின. என் பள்ளித் தோழிகள் தங்கள் வீட்டை விட்டு எங்கள் வீட்டுக்கு அந்தச் சாப்பாட்டுக்காக வந்தார்கள் என்பதை இப்போதும் பெருமையாகவே சொல்வேன். அம்மா தனக்கென்று ஒன்றைக் கண்டெடுத்துக்கொண்டார்: பாலும் சீஸும் ஊற்றிச் சுட்ட கோலிபிளவர். அதைத் தேசிக்காய் ஊறுகாயோடு சாப்பிடும்போது அவரிடம் யாரும் பேசக்கூடாது.

அந்தச் சமையலறையில் அம்மா ஏறக்குறைய இருபது வருடம் தலைமைச் சமையற்காரியாக நின்றார். கென்னும் மார்கரெட்டும் இப்போது இல்லை. போன வருடம் இல்லத்தையும் மூடிவிட்டார்கள். சில நாட்களுக்கு முன் அம்மாவோடு அந்தப் பக்கம் நடந்துபோனபோது, கட்டடம் இருந்த இடத்தில் கம்பி வேலிக்குள் வெறும் செங்கல் குவியல்தான் கிடந்தது. அடுக்குமாடி வரப்போவதாகப் பலகை சொன்னது. அம்மா நின்று பார்த்தார். தலைக்கவசம் போட்ட இளம்பெண் ஒருத்தி வேலிக்குள்ளிருந்து வந்து, உங்கள் சொந்தக்காரர் யாராவது இங்கே இருந்தார்களா என்று இரக்கத்தோடு கேட்டாள்.

அம்மா நிமிர்ந்தார்.

"நோ, டார்லிங்," என்றார். "ஐ வாஸ் த குக்."