பச்சைப் புடவை

திருப்பதி வீட்டு மாடியில் பொந்தையை உலர்த்தினேன். பழைய புடவைகளை அடுக்கித் தைத்த போர்வை அது. ஈரத்துணியின் வாசம் என்னைச் சின்ன வயதில் நாங்கள் இருந்த பாகாலாவுக்கு இழுத்துப்போனது.

அம்மாவின் காரியம் முடிந்ததும் அத்தை என் அப்பாவை, நைனாவை, அதட்டினாள். "செத்தவ துணி ஒண்ணுகூட ஊட்ல இருக்கக் கூடாதுடா."

"எல்லாத்தயும் குடுத்துட்டேன்க்கா," என்றார் நைனா. அந்த வாரமே அத்தையின் பழம்புடவைகளைக் கேட்டு வாங்கி, கோணி ஊசியால் இதைத் தைத்தார்.

"பொம்பளையாட்டம் தெச்சிக்கினு கீறான் பாரு!" என்று அத்தை சிரித்தாள்.

இன்று மேல்துணி கிழிந்திருந்தது. உள்ளே அம்மாவின் பச்சைப் புடவை. வெயில் படாததால் நிறம் மங்கவே இல்லை. இத்தனை வருஷமும் அதைப் போர்த்திக்கொண்டுதான் தூங்கியிருக்கிறேன்.

"கிழிஞ்சிடுச்சாம்மா?" என்று நைனா பதறி வந்தார்.

"மேல்துணி மட்டுந்தான் நைனா," என்றேன். பச்சை வெளியே தெரியாதபடி தைக்கத் தொடங்கினேன்.