நகராத பலகை

சென்ற செவ்வாய்க்கிழமை படப்பையில் என் ஸ்கூட்டரின் முகப்பு விளக்குக்குப் பல்பு கேட்டேன். "பல்பு தனியா வராது சார். எல்இடி. செட்டாத்தான் மாத்தணும்" என்றார் மெக்கானிக். அவர் விளக்கைக் கழற்றியபோது சூடேறிய பிளாஸ்டிக் வாடை வந்தது. ஒரகடத்தில் நான் தரப் பரிசோதகனாக இருந்த வேன் ஆலையின் இருட்டறையிலும் அதே வாடைதான்.

அறை என்பது பெருமைக்குச் சொல்வது. மூன்று பக்கம் கறுப்புத் திரை, எதிரே கோடு போட்ட வெள்ளைப் பலகை, அவ்வளவுதான். லைனை விட்டு இறங்கும் ஒவ்வொரு வேனும் அங்கே வந்து விளக்கைப் போடும். ஒளியின் மேல்விளிம்பு கோட்டில் நிற்கும்வரை காண்ட்ராக்ட் ஆள் ஏழுமலை விளக்கின் ஸ்குரூவைத் திருகுவான். டீ குடித்துவிட்டு வந்தால், கண் இருட்டுக்குப் பழக மூன்று நிமிடம் சும்மா உட்கார வேண்டும். நான் கடிகாரம் பார்த்து உட்காருவேன். "அண்ணன் தூங்கினாக்கூட டைம் பார்த்துதான் தூங்கும்" என்பான்.

ஒரு நாள், அவன் முடித்து அனுப்பிய பதினொரு வேன்களைத் திரும்பச் சோதித்தேன். எல்லாவற்றிலும் ஒளி கோட்டுக்கு இரண்டு விரல் மேலே. கைத்தவறு இப்படி ஒரே அளவில் வராது. அவனிடமே கேட்டேன்.

"நான்தாண்ணே ஏத்தினேன். எங்க பிள்ளைப்பாக்கம் ரோட்டுல மாடு படுத்துக்கினு கீது. கிட்ட போனாத்தான் தெரியுது. வண்டி வாங்கறவனுக்குக் கொஞ்சம் தூரமா தெரியட்டுமேன்னு."

"எதிர்ல வர்றவன்?"

"கண்ணு கூசினா, டிம் பண்ணச் சொல்லி லைட்டை ஆட்டுவான்."

"டிம்மையே ஏத்தி வச்சிருக்க. அப்புறம் எதைடா டிம் பண்றது?"

அவனைப் பலகைக்கு முன்னால் நிறுத்தி, அந்த வேன்களில் ஒன்றின் விளக்கைப் போட்டேன். கையால் முகத்தை மறைத்துக்கொண்டான். "இன்னாண்ணே, நீ எங்க கீறன்னே தெரியல."

அந்த மாதம்தான் காண்ட்ராக்ட் ஆட்களில் யாரை நிரந்தரமாக்குவது என்ற பட்டியல் போகவிருந்தது. பதிவேட்டில் 'ஆள் தவறு' என்று எழுதினால் அவன் பெயர் இருக்காது. சாப்பிடப் போகாமல் பதினொரு வேன்களின் ஒளியையும் அவன் கோட்டுக்கு இறக்கினான். நான் ஒவ்வொன்றாக அளந்தேன். 'காரணம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா சற்று நின்றது. 'பலகை நகர்ந்திருந்தது' என்று எழுதினேன். கையெழுத்து மட்டும் வழக்கம்போல் ஒழுங்காகவே விழுந்தது.

ஏழுமலை நிரந்தரமானான். பிறகு அந்த வேலைக்குக் கேமரா வந்தது. திரையைக் கழற்றிவிட்டார்கள், கண் பழக யாரும் உட்காருவதில்லை. பழைய பதிவேடுகள் காகிதக் கூழ் ஆலைக்குப் போயின, நான் எழுதிய அந்தப் பக்கமும்தான். என் டைரியில் அன்றைக்கு, 'விளக்குச் சோதனை, 11 வேன்' என்று மட்டும் இருக்கிறது. காரணம் எழுதவில்லை.