நெட் இல்லாத சிஸ்டத்தில் வந்த விளம்பரம்

ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் எரிந்த சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, "என் சி.டி.யில் ஒரு குற்றமும் இல்லை" என்று சத்தியம் செய்தவன் நான். பொய்ச் சத்தியம். பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தெரிந்து வைத்திருப்பதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் ராசிபுரத்தில் சர்வீஸ் கடை வைத்திருந்தேன். கொல்லிமலையில் கம்ப்யூட்டர் இருந்த ஏழெட்டு இடங்களுக்கும் நான்தான் வைத்தியன். எழுபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் ஏறி, வயிறு ஒரு பக்கம், மூளை ஒரு பக்கமாகச் செம்மேட்டில் இறங்குவேன். மலைக்காரர்கள் "இஞ்சினியர் வந்துட்டாருங்க" என்பார்கள். நான் இஞ்சினியர் இல்லை. படித்தது பி.ஏ. வரலாறு. யாரையும் திருத்தியதும் இல்லை.

1. ஃபார்மேட், மறுபடியும் ஃபார்மேட்

செம்மேட்டு பஸ் ஸ்டாண்டை ஒட்டி சென்னியப்பன் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்தார். முள்ளுக்குறிச்சியில் சொந்தத் தோட்டம் உள்ள விவசாயி. ஐந்து சிஸ்டம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டயல்-அப் மோடம். மாட்டிக் கொடுத்தது நான். பார்த்துக்கொண்டது ஆபரேட்டர் வெள்ளையம்மா. மலையிலேயே தேவனூர் நாடு என்கிற ஊர்த்தொகுதியில் வாழ்க்கைப்பட்டவர், முப்பது வயதிருக்கும். டைப்ரைட்டிங் பாஸ் செய்து, கம்ப்யூட்டரில் டிப்ளமோவும் முடித்தவர்.

திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, போன் வந்தது. பிரவுசரைத் திறந்தால் ஹோம் பேஜ் தானாக ஏதோ ஒரு தேடல் பக்கத்துக்குப் போகிறதாம். மூடினால் இரண்டு ஜன்னல் திறக்கிறதாம். ஒன்றில் பரிசு விழுந்த செய்தி, இன்னொன்றில் துணிப் பஞ்சத்தில் இருக்கும் ஒரு வெள்ளைக்காரி. அவள் திரையில் நின்ற நேரம் பார்த்து, பள்ளி ஆசிரியை ஒருவர் மகளோடு விண்ணப்பம் நிரப்ப வந்திருக்கிறார்.

போனேன். ஐந்தையும் ஃபார்மேட் அடித்தேன். விண்டோஸ் போட்டு, என் சி.டி.யில் இருந்து வழக்கமான சாமான்களைப் போட்டேன். மூன்று நாள் சிஸ்டங்கள் சமர்த்தாக இருந்தன. நாலாம் நாள் வெள்ளைக்காரி திரும்பி வந்தாள். மறுபடி போனேன், மறுபடி ஃபார்மேட், மறுபடி மூன்று நாள் அமைதி.

எனக்குக் கோபம் வந்தது. வேலை தெரியாதவனுக்கு வரும் கோபத்தைப் போல உக்கிரமானது வேறு இல்லை. அந்த இரண்டாம் முறை போன அன்றே, சென்னியப்பன் காரணம் கேட்டபோது, வெள்ளையம்மா காதில் விழும்படியே சொன்னேன்: "யாரோ கண்ட சைட்டும் பாக்கறாங்க. ஆபரேட்டருக்குத் தெரியாம இது நடக்காதுங்க."

ஒரு வாக்கியம்தான். சொல்லிவிட்டு பஸ் ஏறி மலை இறங்கிவிட்டேன். அடுத்த சந்தை நாளில் சென்னியப்பன் அதை அப்படியே வெள்ளையம்மாவின் மாமனாரிடம் சொல்லியிருக்கிறார், வேலையை விட்டு நிறுத்தப்போவதாகவும் சேர்த்து. வேலை போனால் வேறு வேலை. 'அசிங்கப் படம் காட்டினதுக்கு நிறுத்திட்டாங்க' என்ற பேச்சோடு போனால், அந்த மலையில் அவர் எந்த வாசற்படியையும் மிதிக்க முடியாது.

2. சூடம்

மூன்றாவது முறை போனபோது டேபிளில் வெற்றிலை மேல் சூடம் இருந்தது. எங்கள் பக்கத்தில் வாய்ப்பேச்சு தீராத இடத்தில் சூடம் ஏற்றி, அணைத்துச் சத்தியம் செய்வார்கள். சென்னியப்பன் ஏற்றினார்.

"அணைச்சுச் சொல்லும்மா. நீ காட்டல, பாக்கல, யாரையும் விடல."

வெள்ளையம்மா யோசிக்கவே இல்லை. அணைத்தார், சொன்னார். கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இப்ப அவுரும் அணைக்கோணும். அவுரு போட்டதுல கோளாறு இல்லீன்னு."

சிரித்தபடி அணைத்து, என் சி.டி.யில் ஒரு குற்றமும் இல்லை என்றேன். உள்ளங்கை சுட்டது. சூடம் இருவரையும் ஒரே மாதிரிதான் சுட்டிருக்கும். அது தீர்ப்பு எதையும் சொல்லவில்லை.

பிறகு வெள்ளையம்மா நாலாம் நம்பர் சிஸ்டத்தின் முன்னால் என்னை உட்காரச் சொன்னார். அதன் நெட்வொர்க் கேபிளை எலி கடித்திருந்தது. போன முறை நான் ஃபார்மேட் போட வருவதற்கு முன்பே கடித்தது. புதிது கொண்டுவருகிறேன் என்று சொல்லி மறந்தவனும் நானே. அதனால் அந்த சிஸ்டத்தில் டைப்பிங் வேலை மட்டும் நடந்துகொண்டிருந்தது.

"பாத்துட்டே இருங்க."

பார்த்தேன். சில நிமிடத்தில் ஒரு ஜன்னல் தானாகத் திறந்தது. பக்கத்தைக் காட்ட முடியவில்லை என்ற செய்தியோடு வெள்ளையாக நின்றது. மூடினேன். இரண்டு திறந்தன.

"நீங்க ஃபார்மேட் பண்ணினதுலருந்து இது நெட்டையே பாக்கலீங்க சார். இதுக்கும் நான்தான் கெட்ட சைட்டு காட்டினனா?"

பதில் என் சட்டைப்பையில் இருந்தது. என் சி.டி. அதில் 'நெட் வேகம் கூட்டும்' இலவச சாஃப்ட்வேர் ஒன்றை வைத்திருந்தேன். மலையில் டயல்-அப் நத்தை மாதிரி ஊரும். அதனால் பெரிய உபகாரம் செய்வதாக நினைத்து, நான் தொட்ட ஒவ்வொரு சிஸ்டத்திலும் அதைப் போட்டேன். அது வேகத்தை இம்மியும் கூட்டவில்லை. கூடவே ஒரு டூல்பாரையும், ஒரு விளம்பரக்காரனையும் உள்ளே கூட்டிவந்தது. சந்தேகம் வராமல் இருக்க மூன்று நாள் பதுங்கியும் இருந்தது. இன்ஸ்டால் ஆகும்போது பத்துப் பக்க ஒப்பந்தம் காட்டி, ஏற்கெனவே டிக் அடித்த பெட்டிகளோடு சம்மதம் கேட்டிருக்கிறது. வரலாறு படித்து, ஒப்பந்தங்களால் கெட்ட ராஜ்ஜியங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியவன், நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அமுக்கியிருக்கிறேன்.

எடுப்பதற்கு அரை நாள் ஆனது. ஆட்/ரிமூவ் புரோகிராம்ஸில் நீக்கினால், போவது போலப் போய் ரீஸ்டார்ட்டில் திரும்பி வந்தது. டாஸ்க் மேனேஜரில் ஒன்றைக் கொன்றால் அதன் ஜோடி அதை உயிர்ப்பித்தது. கடைசியில் சேஃப் மோடில் போய், ஸ்டார்ட்அப் பட்டியலில் இரண்டின் டிக்கையும் எடுத்து, ஃபோல்டரை அழித்து, ரெஜிஸ்ட்ரியில் ஹோம் பேஜைத் திருத்தினேன். இதை எழுதியவனும் ஒரு பட்டதாரிதானே, சம்பளம் வாங்கி, வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருப்பானே என்று நினைக்க நினைக்கப் பல்லைக் கடித்தேன். அவன் அங்கே எழுதினான். ஊர் ஊராகச் சுமந்துபோய் விதைத்தது நான். கோபம் கடைசியில் விலாசம் சரியாகத் தெரிந்து என்னிடமே வந்து சேர்ந்தது.

3. மிளகுக் கடை

சென்னியப்பனிடம் உண்மையைச் சொன்னேன். நிறுத்தும் பேச்சை அங்கேயே விட்டார். வெள்ளையம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கிட்ட எதுக்குங்க? எங்க மாமனாரு சந்தையில மொளகு போட்டுருக்காரு. அங்க வந்து சொல்லுங்க."

அன்றைக்கும் சந்தை. சாக்கை விரித்து மிளகும் சாமையும் போட்டு உட்கார்ந்திருந்தார் பெரியவர். சுற்றிலும் அவருடைய ஊர் ஆட்கள். வெள்ளையம்மா ஓரமாகக் கையைக் கட்டி நின்றார். டூல்பார், ரெஜிஸ்ட்ரி என்று ஆரம்பித்தேன். நாலு பேர் என் வாயையே பார்த்தார்கள். வார்த்தைகளைத் தூரப்போட்டுவிட்டு, "நான் குடுத்த விதையிலேயே களை இருந்ததுங்க. உங்க மருமக மேல தப்பு இல்லீங்க. தப்பாச் சொன்னது நான்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

பெரியவர் ஒரு பிடி சாமையை அள்ளி, உமி போக ஊதினார்.

"வெதைக்கு முன்னால கையில எடுத்துப் பாக்க மாட்டீங்களா சாமி?"

இல்லை என்றேன். அந்த ஒரு சொல்லை அங்கே நின்று சொல்வதைவிட, எழுபது வளைவையும் நடந்தே இறங்குவது சுலபமாக இருந்திருக்கும். அவர் மருமகளைப் பார்த்து, "போ கண்ணு, வேலையப் பாரு" என்றார். சுற்றி நின்றவர்கள் கலைந்தார்கள். வெள்ளையம்மா நேராக சென்டருக்கு நடந்தார். நான் அந்த சி.டி.யை உடைத்துப் போட்டேன். அடுத்த இரண்டு வாரம் மலையில் நான் கெடுத்த மற்ற சிஸ்டங்களைத் தேடித் தேடிச் சுத்தம் செய்தேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். இலவசமாக எது வந்தாலும் 'கஸ்டம்' இன்ஸ்டாலில் போய் ஒவ்வொரு டிக்கையும் படியுங்கள். ஒரே கோளாறு மூன்று முறை வந்தால், மூன்று முறையும் அங்கே பொதுவாக இருந்தது எது என்று பாருங்கள். அது பெரும்பாலும் நீங்களாக இருக்கும். அதைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு ஆளைக் கை காட்டாதீர்கள்.

வெள்ளையம்மா அன்றைக்கே என் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஐந்தாம் சிஸ்டத்தை அவரேதான் சுத்தம் செய்தார். ஆறேழு மாதம் செம்மேட்டிலிருந்து அழைப்பே இல்லை. மனசு கேட்காமல் நானே போன் போட்டு, சிஸ்டங்கள் எப்படி இருக்கின்றன, ஏதாவது கோளாறு உண்டா என்று விசாரித்தேன்.

"ஒண்ணும் கெடறதில்லீங்க சார்," என்றார். "நீங்கதான் வாரதில்லீங்களே."