ஒரே பாவம், மூன்று கோயில்

ஒரே பாவத்தை மூன்று மாதா கோயில்களில், மூன்று சாமியார்களிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்த மடையன் நான். அதுவும் நாற்பத்தொரு வயதில். தொண்ணூறுகளின் நடுவில் சாந்தோமில் குடியிருந்தபோது நடந்தது இது.

பாவம் இதுதான். என் மனைவியின் அக்கா திருவான்மியூரில் இருந்தார். வாராவாரம் செபக்கூட்டத்துக்குப் போய், கண்ணை மூடிப் பரவசத்தில் யாருக்கும் புரியாத அந்நிய பாஷை பேசுவார். என் மகளின் பிறந்தநாளன்று கேக் வெட்டி முடித்த உற்சாகத்தில், நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கி, அவரைப் போலவே ஆரம்பித்தேன். பாஷை தெரியாததால் பஸ் கண்டக்டர் வேகத்தில், "லஸ்கார்னர் லஸ்கார்னர் மந்தவெளி மந்தவெளி" என்று உருட்டினேன். வீடே சிரித்தது. அக்கா மட்டும் மிக்சர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு பூசை. தூய ஆவியைப் பழிக்கிற பாவத்துக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது என்கிற பகுதியை வாசித்தார்கள். எனக்கு வேர்த்துவிட்டது. அந்நிய பாஷை ஆவியானவர் தரும் வரம். அந்த வரத்தை மந்தவெளியில் இறக்கிவிட்டவன் நான்.

அன்றிலிருந்து பூசையில் நற்கருணை அப்பம் வாங்கப் போகவில்லை. எல்லோரும் வரிசையில் எழும்போது, ஷூ லேஸ் கட்டுகிறவனைப் போல தூணுக்குப் பின்னால் குனிந்துகொள்வேன். மூன்றாவது வாரம் மனைவி கேட்டாள்: "ஹவாய் செருப்புக்கு இன்னாங்க லேஸு?"

மே மாதம் மகளுக்குப் புதுநன்மை. பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும்போது, அப்பாவும் அம்மாவும் இரண்டு பக்கமும் நின்று கூடவே வாங்க வேண்டும். "நீ என் பக்கத்துலதானப்பா நிப்ப?" என்று ஒவ்வொரு ஒத்திகை முடிந்து வந்ததும் கேட்பாள். அந்தப் பாவத்தோடு வாங்கினால் எனக்கு நரகம். வாங்காவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

எங்கள் பங்குக் கோயில் சாமியாருக்கு என் குரல் தெரியும் என்பதால் முதலில் லஸ் பக்கம் ஒரு கோயிலுக்குப் போனேன். வயதான சாமியார், காது கொஞ்சம் மந்தம். "தூய ஆவியைக் கேலி செய்தேன், சாமி" என்று கிசுகிசுத்தேன். அவர் உருக்கமாகச் சொன்னார்: "ஆயாவையெல்லாம் கேலி பண்ணக் கூடாதுப்பா. வயசானவங்க. மூணு அருள் நிறைந்த மந்திரம் சொல்லு."

செய்யாத பாவத்துக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்தது அடையாறு. இந்தச் சாமியாருக்குக் காது நன்றாகக் கேட்டது. மன்னிப்பும் கொடுத்தார். ஆனால் செய்த பாவத்துக்கு வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரத்தின் நடுவில் அந்த மந்தவெளி ஞாபகம் வந்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வாங்கிய மன்னிப்பு செல்லுமா? தூக்கம் போயிற்று.

புதுநன்மைக்கு ஒரு வாரம் இருக்கும்போது தி.நகரில் ஒரு கோயில். சாமியாருக்கு என்னைவிட பத்து வயது குறைவாக இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுக்கு முன்னாடி சொல்லியிருக்கீங்களா?" என்றார்.

"ரெண்டு வாட்டி, ஃபாதர்."

"சரியாப் போச்சு. மன்னிப்பே வேணாம்னு கதவைச் சாத்திக்கிறவனுக்குத்தாங்க அந்தப் பாவம். நீங்க ஊர்ல இருக்கிற கதவையெல்லாம் தட்டிக்கிட்டு இருக்கீங்க. எப்பவோ மன்னிச்சாச்சு. அது இருக்கட்டும். அந்த அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?"

"எந்த அம்மா, ஃபாதர்?"

கேட்டு வாயை மூடுவதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. இத்தனை மாதமாக நரகத்தின் வெப்பநிலையைப் பற்றி யோசித்தேனே தவிர, மிக்சர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவரைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. மந்திரம் எதுவும் வேண்டாம், நேரே அங்கே போங்கள் என்றார். அதுதான் அபராதம்.

அன்று சாயங்காலமே திருவான்மியூர் போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். பஸ்ஸில் தயாரித்த பேச்செல்லாம் மறந்துபோய், "அக்கா, அன்னிக்கி... துண்டு போட்டுக்கினு..." என்பதோடு நின்றுவிட்டேன்.

அவர் கை நின்றது. "அதுக்கப்புறம் கூட்டத்துல நான் வாயே தொறக்கறதில்ல, தம்பி. கண்ண மூடினா உங்க லஸ்கார்னர்தான் காதுல கேக்குது. எல்லாரும் செபம் பண்றாங்க, நான் சும்மா உக்காந்துகினு கீறேன்."

அதுவரை வராத மனஸ்தாபம் அங்கே, மீன் நாற்றத்துக்கு நடுவில் வந்தது. "தப்புதாங்கா. மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் மறுபடி மீனை எடுத்தார். கிளம்பும்போது கேட்டார்: "ஞாயித்துக்கெழம பூச எத்தினி மணிக்கி?"

ஞாயிற்றுக்கிழமை வெள்ளை கவுனில் மகள் நடுவில். நான் வலது பக்கம். முறை வந்ததும் நாக்கை நீட்டினேன். தூணைத் தேடவில்லை. திரும்பி நடக்கையில் மகள் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். பின்வரிசையில் அக்கா கண்ணை மூடியிருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது.

பூசை முடிந்து வெளியே வந்ததும் என் பக்கத்தில் வந்து நின்றார். மன்னிப்பு கிடைத்த தைரியத்தில் நான் பல்லைக் காட்டினேன்.

"மன்னிச்சிட்டேன், தம்பி. அது வேற" என்றார் அக்கா. "ஆனா சத்தியமா சொல்றேன், அந்த ஜோக்கு நல்லாவே இல்ல."