பனி பூத்த பிளேட்

இதை நம்பச் சொல்லி ரூபா யாரையும் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டாள். ஆனால் இது நடந்தது. ராத்திரியில் இல்லை. 2012 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் மண்டையைப் பிளக்கும் உச்சிவேளையில், ரேணிகுண்டாவில் ஒரு சின்னப் பட்டறைக்குள் நடந்தது. பேய்க்குப் பகல் ஆகாது என்று சொல்கிறவர்கள் அன்று அந்தத் தகரக் கூரைக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றிருக்க வேண்டும்.

ரூபாவுக்குச் சொந்த ஊர் கார்வேட்டிநகரம் பக்கம். பட்டறையில் அவளுக்கு அளவு பார்க்கும் வேலை. அவள் கணவன் புருஷோத்தமன் அதே பட்டறையில் கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷினில் பீஸைப் பிடித்து வெட்டு ஓட்டும் செட்டராக இருந்தவன். ஷார்ஜா போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. தினமும் ராத்திரி அங்கிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். எடுக்கக் கூடாது. நல்லா கீறேன் என்று அதற்கு அர்த்தம். பன்னிரண்டு நாளாக அந்த மணி அடிக்கவில்லை. போன வருஷம் கேம்ப் மாறியபோதும் இப்படித்தான் பேச்சுமூச்சு இல்லாமல் இருந்தான். அதையே திரும்பத் திரும்பத் தன் மனசுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். மனசும் நம்புகிற மாதிரி நடித்தது. அவளாகக் கூப்பிட்டுப் பார்க்க மட்டும் துணிவு வரவில்லை.

அவனுக்குப் பிறகு வந்த செட்டரும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். முதலாளி நாகபூஷணம் ரூபாவைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீயே போட்டுடு. சோமவாரம் காலைல கஸ்டமர் வராரு. பீஸ் பாஸ் ஆச்சின்னா செட்டர் உத்யோகம் நீதேம்மா. உனக்கேதான்."

செட்டர் சம்பளம் வந்தால் புருஷோத்தமன் ஊர் திரும்பலாம். இருவரும் ஒரே வீட்டில் சோறு தின்னலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மெஷின் முன்னால் நின்றது அதற்காகத்தான்.

வேலை ஓர் அலுமினிய பிளேட். முழ நீளம், பதினாறு துளைகள். எந்தத் துளையும் தன் இடத்திலிருந்து இருபது மைக்ரானுக்கு மேல் நகரக் கூடாது. தலைமுடிக் கனத்தில் கால்வாசி. கஸ்டமர் கொடுத்திருந்தது மூன்று பிளேட். இரண்டு ஏற்கனவே வீண். அலுமினியம் சூட்டில் நீளும். அந்தச் சூட்டிலேயே துளை போட்டால் மெஷினில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஏசி அறைக்குக் கொண்டுபோய் ஆறவிட்டதும் பிளேட் சுருங்கி, துளைகள் ஒன்றையொன்று நெருங்கிவிடும். முறைப்படி செய்வதென்றால், முதலில் துளைகளைக் கொஞ்சம் சின்னதாகப் போட வேண்டும். இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாம்பைத் தளர்த்தி, பிளேட்டை ஏசி அறையில் ஆறப்போட்டு, திரும்ப மெஷினில் பிடித்துக் கடைசி வெட்டு ஓட்ட வேண்டும். அதற்கு நேரமில்லை. வாரத்தில் மூன்று நாள் பவர் ஹாலிடே, பட்டறைகளுக்கு மின்சாரமே இல்லை. ராத்திரியிலும் கரெண்ட் கிடையாது. அன்று கரெண்ட் மதியம் ஒரு மணியோடு சரி. மறுநாள் காலையில் கஸ்டமர்.

வாட்ச்மேன் கங்கையா எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஞாயித்துக்கெழமகூட மெஷினோட குடித்தனமா? துன்னியா இல்லியா?"

"முடிச்சிட்டுத் துன்றேண்ணா."

"உன் புருஷன் வரட்டும், சொல்லிக் குடுக்கறேன் இரு."

அவர் சிரித்துக்கொண்டே வாசல் கேட் பக்கம் போனார். அவளும் சிரித்தாள். சிரித்த பிறகு செல்போனை எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு வைத்தாள்.

பன்னிரண்டு இருபது. முதல் சுற்றுத் துளைகள் முடிந்துவிட்டன. பிளேட்டைத் தொட்டாள். சுட்டது. ஆறவிட நேரமில்லை. கடவுளே என்று மெஷின் கதவைச் சாத்திவிட்டுக் கடைசி வெட்டுக்குப் பச்சை பட்டனை அழுத்தினாள்.

வெட்டும் முனையைச் சுழற்றும் ஸ்பிண்டில் 'ஙொய்ங்' என்று எழும்பியது. 'டக்'. நின்றது.

யாரோ நிறுத்தியது போல மஞ்சள் விளக்கு எரிந்தது. அவள் கை நிறுத்தும் பட்டன் பக்கமே போகவில்லை. மறுபடி பச்சையை அழுத்தினாள்.

ஙொய்ங்... டக்.

கதவைத் திறந்தாள். உள்ளே, வெட்டும்போது பீய்ச்சும் கூலன்ட் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்... சொட்...

நாலு கிளாம்பும் தளர்ந்திருந்தன.

அவளே இறுக்கியவை. ஸ்பேனரை டிராலியில் வைத்ததும் நினைவிருக்கிறது. இப்போது அது மெஷினுக்குள், பிளேட்டின் பக்கத்தில் கிடந்தது.

"கங்கையாண்ணா?"

தூரத்தில், கேட்டருகே, அவர் ரேடியோ மட்டும் முணுமுணுத்தது.

ஸ்பேனரை எடுக்கக் கையை நீட்டினாள். விரல் பிளேட்டில் பட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

குளிர்ந்தது.

மேஜை மேல் கிடந்த பூட்டுகூடச் சுடுகிற பட்டறையில், அந்த பிளேட் மட்டும் குளிர்ந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் பனி பூத்தது. பொடிப்பொடியாக. ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை...

நடுவில் மட்டும் பூக்கவில்லை.

அங்கே ஓர் உள்ளங்கை அளவுக்கு உலர்ந்திருந்தது. ஐந்து விரல்கள். தெளிவாக.

புருஷோத்தமன் அப்படித்தான் வைப்பான். கடைசி வெட்டுக்கு முன்னால் இடது உள்ளங்கையை பிளேட்டின் மேல் விரித்து, கண்ணை மூடி நிற்பான். "ஆறட்டும் ரூபா. அவசரப்பட்டா கெட்டுடும்" என்பான். கொழந்தைக்கு ஜொரம் பாக்கறியா என்று அவள் கேலி செய்வாள்.

ஓடியிருக்க வேண்டும். கால் நகரவில்லை. பயத்தால் இல்லை. ஓடினால் அந்தக் கை தனியாக இருக்குமே என்று தோன்றியது.

"எப்பய்யா வந்தே?"

சொட்... சொட்...

"சொல்லாம வந்துட்டியே..."

உலர்ந்த இடத்தில் சுண்டு விரல் முதலில் மறைந்தது. பிறகு அடுத்தது. பெருவிரல் கடைசியில். பனி எல்லாவற்றையும் மூடிக்கொண்டது.

கையை எடுத்துவிட்டான்.

ரூபா நாலு கிளாம்பையும் மெல்ல, தேவையான அளவுக்கு மட்டும் இறுக்கினாள். பட்டனை அழுத்தினாள். இந்த முறை நிற்கவில்லை. பதினாறு துளைகளும் முடியும்வரை கண்ணாடிக் கதவில் நெற்றியை முட்டுக்கொடுத்து அழுதுகொண்டிருந்தாள். பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு ஸ்பிண்டில் ஓய்ந்தது. ஒரு மணிக்குக் கரெண்ட் போனது.

திங்கட்கிழமை கஸ்டமரின் ஆள் அளந்தார். நம்பாமல் மறுபடி அளந்தார். பதினாறில் அதிகம் விலகிய துளையே நாலு மைக்ரான்தான்.

"மெஷினையே ஏசி ரூம்ல வெச்சிருக்கீங்களா சார்?" என்று சிரித்தார். நாகபூஷணம் ரூபாவைப் பார்த்துக் கை கூப்பினார்.

"செட்டரம்மா" என்றார்.

அவள் வெளியே ஓடிப்போய் புருஷோத்தமன் எண்ணை அழுத்தினாள். மிஸ்டு கால் இல்லை, நிஜமான கால். வந்துடு என்று சொல்வதற்கு. ஸ்விட்ச் ஆஃப் என்றது. மறுபடி அழுத்தினாள். மறுபடி அதே. அன்று மாலைவரை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் கோவர்த்தனன் கூப்பிட்டான். சத்தியவேட்டுக்காரன். ஷார்ஜாவில் புருஷோத்தமனின் அறையில் தங்கியிருப்பவன்.

"அண்ணி, பக்கத்துல யாராச்சும் கீறாங்களா? உங்க நைனா இருந்தா போனைக் குடுங்க."

"எங்கிட்டயே சொல்லு."

சொன்னான். மிஸ்டு கால் நின்ற அன்று ரோட்டைக் கடக்கும்போது வண்டி அடித்திருக்கிறது. பையில் ஒரு காகிதம்கூட இல்லை. பாஸ்போர்ட் கம்பெனியிடம். வேலையை விட்டு ஓடிவிட்டான் என்று கம்பெனி நினைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியின் குளிர் அறையில் பேர் தெரியாத உடம்பாகக் கிடந்திருக்கிறான். கோவர்த்தனன் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகத் தேடி, ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே போயிருக்கிறான். அங்கே காலை பதினொரு மணி. இங்கே பன்னிரண்டரை.

"ஒண்ணு சொல்றேன் அண்ணி. எனக்குப் பைத்தியம்னு நெனைக்காதீங்க." அவன் குரல் உடைந்தது. "பன்னெண்டு நாளா ஐஸ்ல வெச்ச ஒடம்பு. காலு, நெஞ்சு, மூஞ்சி எல்லாம் கல்லாட்டம் கெடந்துச்சு. ஒரு கை மட்டும்..."

"சொல்லு."

"ஒரு கை மட்டும் சுட்டுது அண்ணி. இப்பத்தான் வெயில்ல எதையோ தொட்டுட்டு வந்தாப்போல."

எந்தக் கை என்று ரூபா கேட்கவில்லை.